முதல் ஊசி எனக்கு

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நான் நலம், உங்கள் மாமியார் ஆஸ்பத்திரியில் தேறி வருகிறாள். அங்கு உங்கள் நலமறிய ஆவல்தான், ஆனால் அதை அப்புறம் எழுதலாம். முதலில், நேற்று ஊர் திரும்பிய உங்கள் மனைவியைக் கண்டித்து வையுங்கள்.

முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். நானே ஏறி இறங்கிப் பார்க்காத லிஃப்ட்டுக்கு ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. உங்கள் மாமியாருக்கு வந்த இந்த நுரையீரல் தொற்றுக்குப் புது ஊசி ஒன்று வந்திருக்கிறதாம். நோயாளியும் வீட்டார் ஒருவரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். உங்கள் மாமியார் கூரியர் வாங்குவதுபோல் உடனே போட்டுவிட்டாள். நான் பதினெட்டுப் பக்கத்தையும் படித்தேன். பலன் அரைப் பக்கம், பாதகம் ஆறு பக்கம். டாக்டரம்மாவைக் கேட்டால், சிலருக்கு மூச்சுத்திணறல் குறைகிறது, சிலருக்குக் கல்லீரல் கெடுகிறது, இவருக்கு எப்படியென்று சொல்ல முடியாது, ஆனால் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போகிறது, காத்திருப்பதும் ஆபத்துதான் என்கிறார். தெரியாது என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொன்னால் நான் யாரிடம் சண்டை போடுவது? என் வழக்கப்படி, முதல் ஊசியை எனக்குப் போடுங்கள், இரண்டு நாள் பார்ப்போம் என்றேன்.

"உங்களுக்கு நோயே இல்லையே சார்" என்றார்.

லிஃப்ட்டைச் சோதிக்கிறவனுக்கு மாடியில் வேலை இருந்தாக வேண்டுமா என்று கேட்டேன். டாக்டரம்மா அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். எனக்குப் பயம் மாப்பிள்ளை. கையெழுத்துப் போட்டு அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? போடாமல் ஆகிவிட்டால்? இரண்டு நாள் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் உங்கள் மனைவி காகிதத்தைப் பிடுங்கி, "அப்பா, இது லிஃப்ட் இல்ல, அம்மா" என்று சொல்லிச் சுவரில் வைத்துப் போட்டாள். ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை! இன்று உங்கள் மாமியார் மூச்சு வாங்காமல் என்னைத் திட்டுகிறாள். ஊசியாலா, தானாகவா என்றால் அதுவும் தெரியாதாம். பிழைத்ததில் சந்தோஷம்தான், அதற்காக முறை என்று ஒன்று கிடையாதா?

பேத்திக்கு முத்தங்கள். குடும்பத்தோடு முகக்கவசமும் நீண்ட ஆயுளுமாக இருக்க ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் எனக்கும் காய்ச்சல் வந்து, இப்போது எதிர் வார்டில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறேன். அதே ஊசி, அதே பதினெட்டுப் பக்கம். நான் படிக்காமலே போட்டுவிட்டேன். வீட்டார் கையெழுத்துக்குக் காகிதம் உங்கள் மாமியாரிடம் போயிருக்கிறது. "முழுசா படிச்சிட்டுத்தான் போடுவேன்" என்கிறாளாம். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறாள். கண்டிப்பதெல்லாம் வேண்டாம், உங்கள் மனைவியை அடுத்த வண்டியிலேயே அனுப்பிவையுங்கள்.