பெல்ட் மூக்காண்டியும் முந்திரிக்கொத்தும்

வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது இட்லியில் கை வைக்கும்போது மூக்காண்டி முடிவு செய்துவிட்டார். இன்றைக்குத் திருடிவிட வேண்டியதுதான். ஆனால் பாதுகாப்பாகத் திருட வேண்டும்.

அடுத்தவன் சொத்து ஒன்றும் இல்லை. அவர் வீடு, அவர் வீட்டுப் பரண், அதன்மேல் அவர் பெண்டாட்டி சங்கரேஸ்வரி சுட்டு வைத்த முந்திரிக்கொத்து. பாசிப்பயறு மாவும் வெல்லப்பாகும் சேர்ந்து, மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு, கடித்தால் மொறுக்கென்று உடைந்து உள்ளே கரைகிற சாமான். நான்கு மாதமாக அவர் அதன் முகத்தில் விழிக்கவில்லை. நான்கு மாதத்துக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு மூக்காண்டியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே சங்கரேஸ்வரியிடம்தான் பேசினார். அன்றிலிருந்து வீட்டில் இனிப்பு என்றால் அவள் சிரிப்பு மட்டும்தான். அதுவும் அளந்துதான் கிடைக்கும்.

மூக்காண்டி என்று கேட்டால் சங்கரன்கோவிலில் ஆள் காட்டமாட்டார்கள். 'பெல்ட் மூக்காண்டி' என்று கேட்க வேண்டும். பனவடலிசத்திரம் பக்கம் காற்றாலை பராமரிக்கிற கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. எண்பது மீட்டர் உயரம் ஏறி இறங்கியவர். ஐம்பது தாண்டியதும் புதிதாக வருகிற ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டார்கள். தோளிலும் இடுப்பிலும் தொடையிலும் வார் போட்டு மாட்டுகிற பாதுகாப்பு பெல்ட்டைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கண் கலங்கும். "பெல்ட் மாட்டாம ஒருத்தன் மேல இருந்து விழுந்தாம்னா, அவன் மட்டும் விழல. வீட்டுல இருக்க பொண்டாட்டியும் சேந்து விழுதா" என்பார். வகுப்புக்கு முந்தின நாள் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். சங்கரேஸ்வரி அடுப்படியில் கறி தாளித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

எண்பது மீட்டர் ஏறிய மனிதர், வீட்டில் ஏழடிப் பரணில் ஏறமாட்டார். அதுதான் கொஞ்ச நாளாக வீட்டில் நடந்த சண்டை.

கோயம்புத்தூரில் இருக்கிற மகள் அனு ஏழு மாதக் கர்ப்பம். ஆவணியில் வளைகாப்பு. பித்தளைச் சாமான் மொத்தமும் பரணில் கிடந்தது.

"ஏங்க, அந்த அண்டாவையும் குத்துவெளக்கையும் எறக்கித் தாங்க. புளி போட்டுத் தேய்க்கணும்."

"பர்மிட் வாங்கியாச்சா?"

"என்ன பர்மிட்டு?"

"ரெண்டு மீட்டருக்கு மேல போனா அது உயர வேலை. எழுத்துல பர்மிட் இல்லாம நான் ஏறமாட்டேன். கம்பெனி ரூலு."

"இது வீடுங்க."

"விழுந்தா எல்லா எடத்துலயும் எலும்புதானட்டி உடையுது."

அடுத்த வாரம் அவள் நாள்காட்டித் தாளின் பின்பக்கம், 'என் வீட்டுக்காரரைப் பரணில் ஏற அனுமதிக்கிறேன். இப்படிக்கு, மூ. சங்கரேஸ்வரி' என்று எழுதிக் கொண்டுவந்தாள். முத்திரை இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கடுத்த வாரம் காற்று வேகம் அதிகம் என்றார்.

"வீட்டுக்குள்ள ஏதுங்க காத்து?"

"உள்ள அடிச்சாலும் வெளிய அடிச்சாலும் வேகம் வேகந்தான."

அதன்பிறகு அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று மூக்காண்டி நினைத்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி நினைத்த போதெல்லாம் என்ன ஆயிற்று என்பதை அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமைதான் அந்தப் போன் வந்தது. சங்கரேஸ்வரி மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். "உனக்கு ஆசையா இருக்குன்னியேன்னு முந்திரிக்கொத்து சுட்டேன் மக்கா. பார்சல் அனுப்பியாச்சு. கொஞ்சம் மீந்துச்சு. அப்பா கண்ணுல படக்கூடாதுன்னு பரண் மேல ஒரு டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். அங்கன அவிய ஏறமாட்டாவ."

மூக்காண்டி செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். மூன்று நாள் அவருக்கு வேறு நினைப்பே இல்லை. வியாழக்கிழமை சாயந்தரம் கம்பெனியிலிருந்து பெல்ட் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்னத்துக்குங்க இது?"

"தையல் பிரிஞ்சிருக்கான்னு பாக்கணும்."

"பாருங்க, பாருங்க" என்றாள் சங்கரேஸ்வரி.

வெள்ளிக்கிழமை அவருக்கு வார விடுமுறை. பத்து மணிக்கு அவள் தேங்காய் பழக் கூடையோடு புறப்பட்டாள். "அம்மன் சன்னதியில கூட்டமா இருக்கும். வர ரெண்டு மணி நேரம் ஆகும்" என்றாள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதும் மூக்காண்டி எழுந்தார்.

பெல்ட்டை முறைப்படி மாட்டினார். தோள் வார், நெஞ்சு வார், இரண்டு தொடைக்கும் வார். உள் அறையில் ஏசி வைத்தபிறகு மின்விசிறியைக் கழற்றிவிட்டார்கள். கூரையில் அதன் கொக்கி சும்மா கிடந்தது. அதில் கயிற்றைச் சுற்றி, விழுந்தாலும் தரையைத் தொடாத அளவுக்குக் குட்டையாக்கி, முதுகு வளையத்தில் மாட்டினார். உயரமான ஸ்டூலில் ஏறி நின்றார். நிம்மதியாக இருந்தது. சட்டப்படித் திருடுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் டப்பாவைக் காணோம். முன்வரிசையில் குத்துவிளக்கு இரண்டு. எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். அதன் பின்னால் தாம்பாளம் ஐந்து. எடுத்தார். அதற்கும் பின்னால் தூக்குச்சட்டி, பன்னீர்ச்செம்பு, சருவம் மூன்று. ஒவ்வொன்றாக இறக்கினார். ஏறினார், இறங்கினார், கயிற்றைக் கழற்றினார், மாட்டினார். கடைசியில் பெரிய அண்டாவை மார்போடு அணைத்து இறக்கியபோது சட்டை நனைந்துவிட்டது. ஆகக் கடைசி மூலையில், சுவரை ஒட்டி, எவர்சில்வர் டப்பா மின்னியது. மூக்காண்டி எட்டினார். இன்னும் எட்டினார். விரல் பட்டது. டப்பா கைக்கு வந்தது. ஸ்டூல் காலை விட்டுப் போனது.

பெல்ட் பிடித்துவிட்டது. அதற்காகத்தானே அது இருக்கிறது. கொக்கி ஒரு முனகல் முனகியது, அவ்வளவுதான். கீழே விழுந்த ஸ்டூல் தாம்பாளத்தில் மோதி, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு நாதம் எழுப்பிவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தரைக்கு இரண்டடி மேலே, கையில் டப்பாவோடு, மூக்காண்டி தொங்கினார்.

முதல் நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. பெல்ட் இல்லாவிட்டால் இடுப்பெலும்பு போயிருக்கும். இரண்டாவது நிமிஷம் இறங்குவது எப்படி என்று பார்த்தார். கயிற்றின் கொக்கி முதுகுக்குப் பின்னால். உடம்பின் எடை மொத்தமும் அதில். கழற்ற முடியாது. பரண் விளிம்பு ஒரு சாண் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. போன் முன்னறையில், டிவி மேல். கத்தினால் தெருவே கூடும், பெல்ட் மூக்காண்டியின் மானம் போகும்.

மூன்றாவது நிமிஷம் வியர்த்தது. தொடை வார் இறுக்கியது. பெல்ட்டில் அசையாமல் தொங்குகிறவனுக்குக் காலில் ரத்தம் தேங்கும், சீக்கிரம் இறக்காவிட்டால் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து என்று நூறு வகுப்பில் சொல்லியிருக்கிறார். தனியாக ஏறாதே, மாட்டுகிற இடம் எடை தாங்குமா என்று சோதிக்காமல் மாட்டாதே, இறக்கிவிட ஆள் வைத்துக்கொள்ளாமல் ஏறாதே. மூன்றையும் ஒரே காலையில் மீறியிருந்தார். காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. காற்றில் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தார். சங்கரேஸ்வரி வர ரெண்டு மணி நேரம் ஆகும் என்று சொன்னது காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. அனுவின் முகம் வந்தது. பிறக்கப்போகிற பிள்ளைக்கு, உன் தாத்தா முந்திரிக்கொத்து திருடும்போது போய்விட்டார் என்றா சொல்வார்கள்?

கதவு திறந்தது.

சங்கரேஸ்வரி வாசலில் ஒரு கணம்தான் நின்றாள். கூடை கையிலிருந்து நழுவியது. உடைக்காத தேங்காய் உருண்டு ஓடியது. பெரிய அண்டாவைத் தரதரவென்று இழுத்துவந்து அவர் காலடியில் கவிழ்த்தாள். அதன்மேல் தலையணையைப் போட்டாள். அவருடைய இரண்டு பாதத்தையும் பிடித்து அதில் ஊன்ற வைத்தாள். மூக்காண்டியின் தொடையில் இறுக்கம் விட்டது. ஊசி ஊசியாய்க் குத்தியது.

"காலை ஆட்டிக்கிட்டே இருங்க" என்றாள். குரல் நடுங்கியது. "தல சுத்துதா?"

"இல்லட்டி."

"பேசிக்கிட்டே இருக்கணும். நினைவு தப்புதான்னு அப்பதான் தெரியும். உங்க பேரு என்ன?"

"என் பேரு உனக்குத் தெரியாதா?"

"சொல்லுங்க."

"மூக்காண்டி."

"எதுக்கு மேல ஏறுனிய?"

"பல்லி சத்தம் கேட்டுது."

"கையில என்ன டப்பா?"

"பல்லி இதுக்குள்ள போயிட்டு."

"தல சுத்தத்தான் செய்யுது உங்களுக்கு" என்றாள். கட்டிலின் கீழிருந்து ஸ்டூலை இழுத்து, அவர் முதுகுப் பக்கம் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். "ரெண்டு பக்கத்தையும் ஒருசேர அமுக்கணும், அப்பந்தான் கொக்கி வாயத் தொறக்கும். இருபத்திரண்டு வருசமா கேக்கேன்." கிளிக் என்றது. மூக்காண்டி அண்டாமேல் சொந்தக் காலில் நின்றார்.

கைத்தாங்கலாக இறக்கி, சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள். வாரை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தொடை சிவந்து வரி விழுந்திருந்தது. அவள் அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்சநேரம் கழித்துத்தான் அவள் அழுவது அவருக்குத் தெரிந்தது.

"ஏட்டி, எனக்கு ஒண்ணும் ஆகல. பெல்ட்டு புடிச்சிட்டுல்லா."

"பெல்ட்டு மாட்டாம ஏறமாட்டியன்னு தெரியும். அந்த நம்பிக்கையிலதான் போனேன். இப்படித் தொங்குவியன்னு யாரு கண்டா?"

மூக்காண்டி அவளை நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் குங்குமம் இல்லை. திருநீறு இல்லை. தேங்காய் உடையவில்லை.

"நீ கோயிலுக்குப் போகல."

"பக்கத்து வீட்டுல பாலம்மாக்காகூட உக்காந்திருந்தேன். நீங்க எறக்குத சத்தம் ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. தாம்பாளத்துச் சத்தத்துக்கப்புறம் ஒரு சத்தத்தையும் காணோம்னுதான் ஓடியாந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். "குத்துவெளக்கு ரெண்டு, தாம்பாளம் அஞ்சு, சருவம் மூணு, தூக்கு, பன்னீர்ச்செம்பு, அண்டா. எல்லாம் எறங்கிட்டு."

மூக்காண்டிக்கு மெதுவாகத்தான் விளங்கியது. "டப்பாவ எதுக்குட்டி ஆகக் கடைசியில, சுவரோரமா வச்ச?"

"முன்னால வச்சா நீங்க டப்பாவ மட்டுந்தான எடுப்பிய."

"உனக்கு மூலை வரைக்கும் கை எட்டாதே."

"ஓரத்துல வச்சு ஒட்டடைக் கம்பால தள்ளிவிட்டேன்."

"ஸ்டூல்ல ஏறுனியா? பெல்ட் இல்லாமலா?" இப்போது அவர் குரல்தான் நடுங்கியது. "மூட்டு வலிய வச்சுக்கிட்டு, என்ன காரியம் செஞ்சிருக்க? நீ விழுந்தா நான் என்ன செய்வேன்?"

"பாலம்மாக்கா ஸ்டூலப் புடிச்சிக்கிட்டாவ. நான் ஒண்ணும் தனியா ஏறல" என்றாள் சங்கரேஸ்வரி. மூக்காண்டி தலையைக் குனிந்துகொண்டார். அவர் வகுப்பில் ஒழுங்காகப் பாடம் படித்த ஒரே ஆள் அவள்தான் போலிருக்கிறது.

அவள் டப்பாவை வாங்கித் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு முந்திரிக்கொத்து.

"போன வாரம் சக்கர நூத்து நாப்பதுதான இருந்துச்சு. டாக்டர்ட்ட கேட்டேன். மாசத்துக்கு ஒண்ணு தின்னலாமாம்."

மூக்காண்டி அதை உடைத்தார். மூன்றில் ஒன்றைத் தனியே எடுத்து அவள் வாயில் கொடுத்தார். அவளும் மறுக்கவில்லை. இருவரும் பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து மென்றார்கள். நான்கு மாதத்துப் பட்டினிக்கு அது அமிர்தமாக இருந்தது. அவர் விரலைக்கூட விடாமல் சப்பினார். துணிச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

"மீந்துச்சுன்னு அனுகிட்ட சொன்னியே. மிச்சத்த எங்கன வச்சிருக்க?"

சங்கரேஸ்வரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மொட்டமாடித் தண்ணித் தொட்டி மேல. ரெண்டு வருசமாக் கழுவாமக் கெடக்குல்லா, தேய்க்கதுக்கு நாரும் அங்கனயே இருக்கு."