கலங்காத நகரசபை

எங்கள் ஸ்லைக்தாம் நகரத்தின் மேயர் மாண்புமிகு லாம்பெர்ட் வான் ஓஸ்தர்ஸே, ஒரு திங்கட்கிழமை காலையில் கோபப்படுவதை நிறுத்திவிட்டார். அதற்கு முன்பு அவர் ஒரு சத்தம் போட்டால் கால்வாயில் நிற்கும் வாத்துகள் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

ஸ்பெயின்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. நாடு முழுவதும் சனங்கள் கலங்கிப்போயிருந்தார்கள். அதனால் பெரிய மனிதர்களுக்குக் கலங்காமல் இருப்பது நாகரிகமாகிவிட்டது. பண்டிதர் ஹெஸ்ஸெலியஸ் என்று ஒருவர் ஊர் ஊராகப் போய்ப் பணக்கார வீடுகளில் வாத்து வறுவல் சாப்பிட்டுவிட்டு, பழைய ரோமாபுரி ஞானிகளைப் பற்றிப் பேசுவார். ஆள்கிறவன் கடலில் நிற்கும் பாறையைப் போல இருக்க வேண்டும், எந்த அலைக்கும் அசையக் கூடாது என்பார். எங்கள் மேயர் அவரை மூன்று வேளையும் சாப்பிட வைத்துத் தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு எங்கள் ஊரில் கௌரவமானவர்கள் யாரும் சிரிக்கவில்லை. படம் எழுதிக்கொள்ளப் போனவர்கள், "முகத்துல ஒண்ணும் இருக்கக் கூடாது" என்று ஓவியரிடம் கண்டிப்பாகச் சொன்னார்கள். அவருக்கு வேலை பாதியாகக் குறைந்தது. சவ ஊர்வலத்தில் அழுத விதவையைப் பார்த்துச் சொந்தக்காரர்களே வெட்கப்பட்டார்கள்.

பிறகு நகரசபை வாசலில் தண்டோரா போட்டார்கள்:

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், உணர்ச்சிவசப்பட்டவர் கண்ணுக்கு உள்ளது உள்ளபடி தெரியாது என்று ஆன்றோர் கண்டிருப்பதால், இன்று முதல் எவரும் அழுதோ, அலறியோ, கையை ஆட்டியோ, மூச்சிரைத்தோ முறையிடலாகாது."

முறையிட வருகிறவர்களின் மனநிலையைச் சோதிக்க ஒரு பரிசோதகரும் நியமிக்கப்பட்டார். மேயரின் மச்சான் ஃப்ளோரிஸ். அவர் எதற்கும் பதறி யாரும் பார்த்ததில்லை. பெரும்பாலும் தூக்கத்தில் இருப்பார்.

இந்த நிலையில்தான் எங்கள் கீழத்தெரு மதகில் விரிசல் விட்டது.

என் ரொட்டிக்கடை அந்தத் தெருவில்தான். பக்கத்தில் நேல்ட்யேயின் பீர் வடிக்கும் கொட்டகை. புருஷன் போன பிறகு தனியாளாகத் தொழிலை நடத்துகிறவள். அவள் வாய்க்குப் படகோட்டிகளே பயப்படுவார்கள். தண்ணீரை முதலில் பார்த்ததும் அவள்தான். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நகரசபைக்கு ஓடினாள். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று நானும் பின்னால் ஓடினேன்.

"தண்ணி! மதகு போச்சு! தண்ணி வருது!"

ஃப்ளோரிஸ் ஒரு கண்ணைத் திறந்தார். "அம்மா, உங்களுக்கு மூச்சு வாங்குது. வெளியில உக்காந்து ஆறிட்டு வாங்க."

"நான் ஆறுறதுக்குள்ள தெருவே முழுகிடும்யா!"

"கையை வேற ஆட்டுறீங்க."

நேல்ட்யே வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். பல்லைக் கடித்தாள். பிறகு கோயிலுக்குப் போகிறவள் மாதிரி உள்ளே நடந்தாள். ஃப்ளோரிஸ் அவள் முகத்தை உற்றுப் பார்த்துத் திருப்தியோடு மேயர் அறைக்குள் விட்டார். பின்னால் நானும் நுழைந்தேன். மேயர் பக்கத்தில் பண்டிதர் பாலாடைக்கட்டி தின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, கீழத்தெரு மதகு விரிசல் விட்டிருக்கு. தண்ணி உள்ள வருது. என் பீப்பாயெல்லாம் மிதக்குது" என்றாள் மெதுவாக.

மேயர் யோசித்தார். "இவ்வளவு நிதானமா சொல்றியேம்மா. நிஜமாவே ஆபத்துன்னா கத்திக்கிட்டில்ல வந்திருப்பே?"

"கத்திக்கிட்டுத்தானே வந்தேன்! வெளியில தள்ளிட்டாங்களே!"

"பாத்தியா, குரல் ஏறுது."

பண்டிதர் வாயைத் துடைத்துக்கொண்டார். "தண்ணீர் வெளியிலே உள்ள பொருள், அம்மா. வீட்டுக்குள்ளே வரலாம். மனசுக்குள்ளே வரக் கூடாது."

"மனசுக்குள்ள வரலைங்க. பீருக்குள்ள வந்துடுச்சு. நாளைக்கு உங்க மேசைக்கு வரப்போறது அதுதான்."

பண்டிதர் முகம் லேசாக அசைந்தது. ஆனால் சமாளித்துவிட்டார்.

அடுத்து கீழத்தெருக்காரர்கள் நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தோம். கலங்கினால் வெளியே அனுப்பினார்கள். கலங்காவிட்டால் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். கலங்காமலும் இருக்க வேண்டும், கலங்கியது மாதிரியும் தெரிய வேண்டும். அப்படி ஒரு முகம் வருமா என்று நான் மாவு பிசையும் தொட்டித் தண்ணீரில் பார்த்துப் பார்த்துப் பழகினேன். "உங்களுக்குப் பல்லு வலியா?" என்று கேட்டாள் என் மனைவி ஹ்ரீட்.

மறுநாள் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. ஹ்ரீட் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு பரணுக்கு ஏறினாள். என் அப்பா காலத்திலிருந்து அணையாத அடுப்பு என் கண்ணெதிரே உஸ்ஸென்று அணைந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுத முகத்தோடு போனால் முறையீடு செல்லாதே என்று அதையும் விழுங்கிக்கொண்டேன்.

நேல்ட்யே மண்வெட்டியோடு வந்து நின்றாள். "வாங்கடா. இனிமே கலங்காமலே வேலையை முடிப்போம்."

தெருவை ஒட்டிய மண்கரைக்கு அந்தப் பக்கம், எங்கள் தெருவைவிடத் தாழ்வான இடத்தில் மேயரின் தோட்டம். முன்பு எங்கள் தெருத் தண்ணீர் அங்கே ஒரு வாய்க்கால் வழியாகத்தான் வடியும். துருக்கியிலிருந்து வந்த துலிப் செடிகளை வைப்பதற்காக மேயர் அதை மூடிவிட்டார். நாங்கள் பேச்சுமூச்சில்லாமல் அந்த வாய்க்காலைத் திறந்துவிட்டோம்.

மேயரும் பண்டிதரும் அப்போது தோட்டத்தில்தான் பாறையாக இருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, என் செடி! என் துலிப்! யாரங்கே! ஓடி வாங்க! அடைங்கடா!" மேயர் பெஞ்சு மேலே ஏறிக் குதித்தார். வாத்துகள் பறந்தன. பண்டிதரைத் தேடினோம், பேரிக்காய் மரத்தின் உச்சிக் கிளையில் இருந்தார்.

நேல்ட்யே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "ஐயா, உங்களுக்கு மூச்சு வாங்குது. உக்காந்து ஆறிட்டுச் சொல்லுங்க" என்றாள்.

சாயங்காலத்துக்குள் மேயரின் உத்தரவில் ஊரிலுள்ள தச்சர்கள் எல்லோரும் மதகில் இருந்தார்கள். விரிசல் அடைபட்டது. எங்கள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டுமென்றால் தாம் கலங்கியதை மேயர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே அன்று தோட்டத்தில் எதுவும் நடக்கவில்லை என்று நகரசபை ஒருமனதாகத் தீர்மானித்தது. பண்டிதர் வேறு ஊருக்குச் சாப்பிடப் போனார்.

அடுத்த ஆண்டு பெரிய மனிதர்கள் கூடிப் புது மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்தேவன் ஹூஃப்ட் என்று பெயர். மிருதுவான மனிதர். கலங்காமை ஒழிந்தது என்று அறிவித்தார். பிரான்சில் இப்போது மனம் இளகுவதுதான் நாகரிகமாம்.

மீன்பாலத்தில் பலகைகள் உளுத்துப்போய் என் ரொட்டி வண்டி ஆற்றில் விழுந்தபோது, நானும் நேல்ட்யேயும் அவரிடம் போனோம். சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க!" என்று விம்மினார். ஃப்ளோரிஸ்கூட எழுந்து அழுதார். அவருக்குச் சம்பளம் உயர்ந்திருந்தது. அவர்கள் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். நேல்ட்யேயும் பாவாடை ஓரத்தில் மூக்கைச் சிந்தினாள்.

"என்ன மனுஷன்! என்ன மனுஷன்!" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். பாலத்தில் பலகை இல்லாததால் ஊரைச் சுற்றித்தான் வந்தோம். பேச நிறைய இருந்ததால் தூரம் தெரியவில்லை.