மைக்செட்டு அண்ணன் வைத்த விருந்து

பெரிய புயலில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் கூரை பறந்து கரும்புக்கொல்லையில் விழுந்ததே, அதற்கு அடுத்த கோடை. வயலில் மான் மேயவில்லையே என்று மான்மீது கோபித்துக்கொண்ட ஒரே விவசாயி உலகத்திலேயே மைக்செட்டு அண்ணன்தான்.

கல்யாணத்துக்கெல்லாம் மைக் செட் கட்டியவர். அவர் பேசினாலே போதும், மைக் வேண்டாம்.

அந்த வருஷம் ஆற்றுக்கு அக்கரைக் காட்டிலிருந்து புள்ளிமான்கள் வந்து என் உளுந்தை மேய்ந்தன. வேலியில் கரண்ட் கம்பி இழுத்துவிடலாம் என்று கம்பிச்சுருளும் வாங்கிவிட்டேன். அண்ணன் ஓடி வந்தார்.

"டேய், வாயில்லா ஜீவன்டா! ரெண்டு மாசம் டைம் குடு. ஆத்தோரம் என் அரைக்காணி நெலத்துல அதுங்களுக்குன்னே காராமணி போடறேன். அப்புறமும் உன் உளுந்துல வாய் வெச்சா நானே கம்பி இழுத்துத் தர்றேன்!"

போட்டார். கோடை வெயிலுக்குக் காராமணி கொழுகொழுவென்று படர்ந்தது. மான்களோ அதைச் சுற்றிக்கொண்டு நேராக என் உளுந்துக்கே வந்தன. ரெண்டு மாசமும் முடிந்தது. கம்பிச்சுருளோடு நானும் என் மனைவியும் அண்ணனின் காராமணி வயலுக்குப் போனோம்.

"நான் இன்னா கொறை வெச்சேன்? நீயே கேளுடா அதுங்கள!" என்று கண்கலங்கினார்.

என் மனைவி வயலைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நட்டநடுவே ஒரு கம்பம். அதன் தலையில் சுண்ணாம்புப் புள்ளி வைத்த சட்டி, முழி, மீசை. உடம்புக்கு அண்ணனின் சிவப்புச் சட்டை, காற்றில் படபடவென்று.

"இன்னாண்ணே, விருந்துக்குக் கூப்ட்டு நடுவூட்ல பூதத்த நிக்க வெச்சிகினு கீறியே!"

"போறவன் வரவன்லாம் இன்னா வெளைச்சல், இன்னா வெளைச்சல்ன்றான். கண்ணு படாதாம்மா?"

"உனுக்குத் திருஷ்டி. மானுக்குப் பேயிண்ணே!"

கம்பத்தைப் பிடுங்கினோம். இன்னும் ரெண்டு நாள் பொறுப்பது என்று பேச்சு. மறுநாள் விடியலில் வரப்பில் குந்தியிருந்தோம். ஏழு மான். முதல் மான் காராமணிக் கொழுந்தைக் கடித்ததும் அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தார். வாழ்நாளில் முதல்முறையாக அவர் கிசுகிசுத்தார்:

"துன்னுதுடா..."

கம்பிச்சுருளைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது அண்ணன் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு கரையாம்புத்தூரில் மகள் வூட்டில் இருக்கிறார். அந்தப் பக்கம் போகிறவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: அவர் அரைக்காணியில் இந்த வருஷம் நான் காராமணி விதைத்துவிட்டேன், மான் வருகிறது, கூடவே ஒரு குட்டியும். உட்காரவைத்துச் சொல்லுங்கள். அந்த முட்டியோடு எழுந்து ஓடி வந்துவிடுவார்.