நடுவருக்குக் கண்ணாடி போட்டவன்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. இங்கு நான், என் மனைவி, கண்ணாடிக் கடை மூவரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. கோப்பையை வென்றவர்களுக்கு என்ன குறை இருக்கப்போகிறது? அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் தனியாகக் கேட்டதாகச் சொல்லவும். இத்துடன் நலம் விசாரிப்பு முடிந்தது. இனி வருவது வெறும் விசாரணை. பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் இருப்பவருக்குக் கடிதமா என்று நினைப்பீர்கள். நேரில் வந்தால் அக்கா சாப்பாடு போட்டு என் வாயை அடைத்துவிடுவாள். போனில் பேசினால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். எழுதினால் உங்கள் சிரிப்பு எனக்குக் கேட்காது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் கடையைத் திறந்து ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்த உயரமான மனிதர் ஒருவர் வந்து, கரும்பலகை கொஞ்ச நாளாக மங்கலாகத் தெரிகிறது, உங்கள் அத்தான்தான் இங்கே போகச் சொன்னார் என்றார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறாராம். உட்காரவைத்துச் சோதித்தேன். வலது கண் பரவாயில்லை, இடது கண் மைனஸ் ஒன்றரை. வழக்கமாக எல்லாரிடமும் கேட்பதுபோல, வண்டி ஓட்டுவீர்களா, ஏதாவது விளையாடுவீர்களா என்று கேட்டேன். "விளையாட மாட்டேன். ஞாயித்துக்கிழமையில விசில் ஊதுவேன்" என்றார். அப்போதுதான் அத்தான், எனக்கு முகம் பிடிபட்டது. கறுப்புச் சட்டை இல்லாமல் பார்த்ததில் அடையாளம் தெரியவில்லை. உங்கள் துறைமுக அணிக்கும் எங்கள் பணிமனை அணிக்கும் கால்பந்து இறுதி ஆட்டம் நடக்கப் பன்னிரண்டு நாள் இருக்கிறது, அதை நடத்தப்போகிறவர் என் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் நினைத்திருந்தால் எந்த லென்ஸை வேண்டுமானாலும் மாட்டியிருக்கலாம். சரியான லென்ஸைத்தான் மாட்டினேன். ஓடும்போது விழாமல் இருக்கப் பின்னந்தலையில் கட்டிக்கொள்ள ஒரு ரப்பர் பட்டையும் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை மாட்டிக்கொண்டு வாசல்வரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி, "இனிமே நாம சொந்தக்காரங்க சார். உங்க அக்கா பொண்ணைக் கட்டப்போறது என் தம்பிதான்" என்றார்.

மாப்பிள்ளை பாங்கில் வேலை பார்க்கிறார் என்று சொன்னீர்கள். சிகரெட் குடிக்க மாட்டார் என்று சொன்னீர்கள். அண்ணன் ஒருத்தர் வாத்தியார் என்றும் போகிற போக்கில் சொன்னீர்கள். அந்த வாத்தியார் விசில் ஊதுகிறவர் என்பதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்? மறந்தேன் என்று சொன்னால் நம்புவதற்கு நான் ஒன்றும் உங்கள் அணியின் ரசிகன் இல்லை.

ஆட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஆவணத்துக்காகச் சொல்கிறேன். எண்பத்து மூன்றாவது நிமிடம், ஆளுக்கொரு கோல். உங்கள் ஆள் கார்னர் அடிக்கிறான். எங்கள் தடுப்பாட்டக்காரன், பணிமனையில் வெல்டிங் செய்கிற ஏணி (அவன் உயரத்துக்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்?) எகிறுகிறான், பந்து அவன் தோளில் பட்டு வெளியே போகிறது. உடனே விசில். நடுவர் என் கண்ணாடியை, அதாவது நான் போட்ட கண்ணாடியை, ஒருமுறை சரிசெய்துகொண்டு பெனால்ட்டிப் புள்ளியைக் காட்டுகிறார். எதிர்ப்பக்க வரிசையில் நீங்கள் பக்கத்து ஆளைக் கட்டிப்பிடித்துக் குதித்ததை நான் பார்த்தேன். நீங்கள் குதித்தது விசிலுக்கு முன்பா, பின்பா? முன்பு என்றால், என்ன வரப்போகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

அந்தப் பெனால்ட்டியில் நீங்கள் ஜெயித்து ஆட்டம் முடிந்ததும் நடுவர் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். பெட்டிமேல் என் கடையின் பெயர் தங்க எழுத்தில் இருக்கிறது. நானேதான் பெருமைக்காக அச்சடித்தேன். எங்கள் தெரு முடிதிருத்துபவர் அதைப் பார்த்துவிட்டார். அவர் பார்த்தால் ஊருக்கே தெரிந்த மாதிரிதான், நாள் முழுக்க நாலு பேர் தலை அவர் கையில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை நான் ஷட்டரைத் தூக்கும்போது பணிமனை ஃபோர்மேன், அவர்தான் எங்கள் ரசிகர் சங்கத் தலைவர், பதினெட்டுப் பேருடன் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி போட்டது நானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எந்தப் பக்கம் தெரியுற மாதிரி போட்டுக் குடுத்தே?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்த அதே நேரம் பார்த்து, உங்கள் ஆட்கள், கிரேன் ஓட்டுகிற இருவர், உள்ளே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, நன்றி சொல்லி, நடுவருக்குப் போட்ட அதே ஃபிரேம் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களை அனுப்பியது நீங்கள் இல்லை என்று அக்கா தலைமேல் சத்தியம் செய்ய முடியுமா?

வேறு வழியில்லாமல் நான் ஒரு நிபந்தனை போட்டேன். பெனால்ட்டியைப் படம்பிடித்தவர் ஒருவர் இருந்தார், அதை என் கடை டிவியில் ஓடவிட்டேன். ஆனால் கருத்துச் சொல்ல விரும்புகிறவர் முதலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துப் பலகையில் ஆறாவது வரியைப் படிக்க வேண்டும் என்றேன். பார்வை சரியாக இருக்கிறவன் மட்டும் நடுவரைப் பேசட்டும். ஃபோர்மேன் மூன்றாவது வரியிலேயே தடுக்கி விழுந்தார். முடிதிருத்துபவர் நான்காவது வரியை மனப்பாடமாகச் சொன்னார், அவருக்கு முன்னால் இருந்தவர் சொன்னதைக் கேட்டு. கடைசியில் எங்கள் கோல்கீப்பர் உட்கார்ந்தான். முதல் வரியில் ஒரே ஒரு எழுத்துத்தான், என் உள்ளங்கை அளவு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பலகையை எப்போது மாட்டுவீர்கள் என்று கேட்டான். மைனஸ் மூன்று, அத்தான், இரண்டு கண்ணும். பிறகு எப்படித்தான் இத்தனை வருடம் கோல் தடுத்தாய் என்று கேட்டேன். "அடிக்கிறவன் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம் விழுவேன். பந்து அதுவா வந்து மேல படும்" என்றான். ஃபோர்மேன் எழுந்து போய் ஷட்டரை அவரே இறக்கிவிட்டு, இது இந்தக் கடையைத் தாண்டக்கூடாது என்றார். உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், என் நேர்மையை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அத்தோடு போயிருக்கும். புதன்கிழமை தபாலில் நீங்கள் அனுப்பிய கல்யாணப் பத்திரிகை வந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு லென்ஸைத் தேய்க்கப் போனேன். திரும்பி வந்தபோது முடிதிருத்துபவர் அதை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அண்ணன் பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னது யார்? மாலைக்குள் தெருவில் எனக்குப் பெயர் 'சம்பந்தி' என்றாகிவிட்டது. ஃபோர்மேன் தனியாக வந்தார். கோபமாக வந்திருந்தால் தாங்கியிருப்பேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கையைப் பிசைந்துகொண்டு, "நீ காட்டிக் குடுத்துட்டேன்னு நான் சொல்லல. ஆனா அடுத்த ஆட்டத்துல எங்க வரிசையில உட்கார வேணாம்" என்றார். இருபத்திரண்டு வருடம், அத்தான். கோலுக்குப் பின்னால் இரண்டாவது வரிசை, அவருக்கு இடது பக்கம். மழையில் ஒரே குடைக்குள் நின்று தோற்றிருக்கிறோம். அவர் போனபிறகு நான் எழுத்துப் பலகையின் விளக்கை அணைத்துவிட்டு, நேரத்துக்கு முன்பே கடையை அடைத்தேன்.

ஆகவே, மேற்படி கேள்விகளுக்குப் பதில் வரும்வரை நான் கல்யாணத்துக்கு வருவதாக இல்லை. உங்கள் மகள் நேற்று போன் செய்தாள். "மாமா, நீங்க வரலைன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம். அவங்க அண்ணனை வேணும்னா விசில வீட்டுல வச்சுட்டு வரச் சொல்றேன்" என்றாள். இன்னும் கொஞ்சம் பேசினால் சம்மதித்துவிடுவேன் என்று போனை வைத்துவிட்டேன். ஆனாலும் கொள்கை கொள்கைதான். குழந்தையை இதற்குள் இழுத்துவிட்டது நீங்கள்தானோ என்ற சந்தேகமும் இருக்கிறது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. அக்காவுக்கு அன்பு. அலமாரியில் இருக்கும் கோப்பைக்கு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
நியாயம் கேட்கும் உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் முன் என் மனைவி வாங்கிப் படித்தாள். முழுவதும் படித்துவிட்டு, "இவ்வளவு எழுதியிருக்கீங்களே, நீங்க கோலுக்குப் பின்னாடிதானே உட்கார்ந்திருந்தீங்க. பந்து எங்கே பட்டுச்சு?" என்று கேட்டாள். அவளிடம் எனக்குப் பொய் வராது. கையில்தான் அத்தான். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், பட்ட சத்தம்கூடக் கேட்டது. பந்து தேடிப்போய்ப் படவில்லை, ஏணிதான் கையை நீட்டினான். ஃபோர்மேனிடம் இன்று காலை போய்ச் சொன்னேன். சத்தமும் கேட்டதே, எனக்கும் தெரியும் என்றார். பிறகு இருவரும் டீ குடித்தோம். கல்யாணத்துக்கு நானும் மனைவியும் இரண்டு நாள் முன்பே வருகிறோம், அவரும் வருகிறார். நாங்கள் வருவதற்குள் இந்தப் பின்குறிப்பையும் கோல்கீப்பர் பத்தியையும் கிழித்து எடுத்துவிடுங்கள். மீதியைப் பத்திரமாக வைத்திருக்கவும். உங்களுக்கு எவ்வளவு காரமாக எழுதினேன் என்று ஃபோர்மேன் வாசித்துப் பார்க்க வேண்டுமாம்.