நான் கம்பைலர் கட்டிய சனிக்கிழமை

சனிக்கிழமை காலை, முதல் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும் முன்பே நான் என் முடிவை அறிவித்தேன்.

"பிரெசில்லா, இன்னைக்கு நான் ஒரு கம்பைலர் கட்டப் போறேன்."

என் மனைவி சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"கட்டுங்க. எத்தனை மணிக்கு முடியும்?"

என்ன கம்பைலர், எதற்குக் கம்பைலர் என்று கேட்கவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். எதைச் சொன்னாலும் நேரமும் வேகமும்தான் அவளுக்கு முதலில் தெரிய வேண்டும்.

"அதெல்லாம் சொல்ல முடியாது. சாயங்காலம் ஆகும். ராத்திரிகூட ஆகும்."

"நாலு மணிக்குத் தங்கச்சிமடத்துல வள்ளம் எறக்குறாங்க."

"அடடா," என்றேன். இரண்டு நாள் ஒத்திகை பார்த்த 'அடடா' அது.

விஷயம் இதுதான். அவள் தம்பி சகாயவினோத் புது வள்ளம் ஒன்று கட்டியிருந்தான். அன்று மாலை பங்குச்சாமியார் வந்து மந்திரித்து, அதைக் கடலில் இறக்குகிறார்கள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது வள்ளத்தின் முதல் ஓட்டத்தில் வீட்டின் மூத்த மருமகன் அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்மூக்கில், நிமிர்ந்து நின்று வர வேண்டும். அந்த வீட்டுக்கு மூத்த மருமகன் நான். இளைய மருமகனும் நான்தான். வேறு ஆள் கிடையாது.

எனக்குக் கடல் ஆகாது. பரமக்குடிப் பக்கம் பிறந்தவன். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கண்மாய், அதுவும் மழை பெய்தால். ஒரு முறை ஆபீஸ் நண்பர்களோடு சுற்றுலாப் படகில் ஏறி, கட்டிய கயிற்றை அவிழ்ப்பதற்குள் காலையில் சாப்பிட்டதைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு இறங்கியவன். இதைக் கடலோரக் குடும்பத்தில் பெண் எடுத்தவன் வெளியே சொல்ல முடியுமா? அங்கே எனக்குக் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை என்று பெயர். நான் போனால் மாமனார் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். பாறை மீனில் நடுத்துண்டு என் தட்டுக்குத்தான் வரும். ஊரே கரையில் நின்று பார்க்க நான் ஒரு தடவை வாந்தி எடுத்தால் அத்தனை மரியாதையும் அதோடு சேர்ந்து போய்விடும். பிரெசில்லாவுக்கும் இது தெரியாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் கம்பைலர்.

நாம் எழுதுகிற நிரலைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது கம்பைலரின் வேலை. புண்ணியவான்கள் சிலர் அதன் மூலநிரலை, யாரும் எடுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று இணையத்தில் பொதுவில் வைத்திருக்கிறார்கள். கட்டத் தொடங்கினால் மெதுவாக, மிக மெதுவாக ஓடும். அந்த மெதுவைத்தான் நான் நம்பியிருந்தேன்.

"ரெடிமேடா கிடைக்காதா?" என்றாள் பிரெசில்லா.

"கிடைக்கும். ஆனா நாமளே கட்டினா நம்ம மெஷினுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும்."

"கல்யாணம் ஆனதுல இருந்து ரெடிமேட் சட்டைதான போடுறீங்க."

லேப்டாப்பைத் திறந்தேன். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினேன். வரிசையாகச் 'சரி, சரி' என்று ஓடிய எழுத்துகள் திடீரென்று நின்றன. பிழை. எனக்கு வந்த சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

"பாத்தியா. சிக்கல். இன்னைக்கு இதோடதான்."

அவள் தோளுக்கு மேல் குனிந்து, விடைத்தாள் திருத்தும் முகத்தோடு அதை வாசித்தாள்.

"மூணு கணக்கு லைப்ரரி வேணும்னு கேக்குது. எங்கன கிடைக்கும்னும் அதுவே எழுதிருக்கு. எறக்கிப் போடுங்க."

"பிழைச் செய்தியெல்லாம் யாரும் வாசிக்க மாட்டாங்க, பிரெசில்லா."

"பசங்களும் அதான் சொல்றாங்க, கேள்வியை வாசிக்கலைன்னு."

இறக்கிப் போட்டேன். ஓடத் தொடங்கியது. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள். எனக்கு அங்கேதான் சனி பிடித்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து என் வேலையைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. எனக்குப் பேச்சு பொங்கி வந்தது.

"இது எப்பிடி ஓடுது தெரியுமா? முதல்ல பழைய கம்பைலரை வச்சுப் புதுசைக் கட்டும். அப்புறம் அந்தப் புதுசை வச்சுத் தன்னையே மறுபடி கட்டும். அதை வச்சு மூணாவது தடவையும் கட்டும். ரெண்டாவதும் மூணாவதும் அச்சு அசலா ஒண்ணா இருந்தாத்தான் ஒத்துக்கும்."

"ஏன், முதல் தடவை கட்டுனது ஆகாதா?"

"அதைக் கட்டுனது பழசுல்ல. பழசோட குணம் ஒட்டியிருக்கும்."

"ஓ," என்றாள். "கல்யாணமான புதுசுல நீங்க உங்கம்மா கட்டுனபடியே இருந்தீங்களே, அது மாதிரி."

"இப்ப?"

"ரெண்டாவது தடவை ஓடிக்கிட்டு இருக்கு."

கீரைக் காம்புகளை ஒதுக்கிக்கொண்டே, வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனிடம் கேட்கிற குரலில், மெதுவாக அடுத்ததைக் கேட்டாள்.

"இது ஓடும்போது நீங்க என்ன செய்யணும்?"

"பக்கத்துல இருந்து பாக்கணும்."

"பாத்தா வேகமா ஓடுமா?"

"ஓடாது."

"பாக்காட்டி நின்னுருமா?"

"நிக்காது. ஆனா நடுவுல நின்னுட்டா?"

"நின்னுட்டா மறுபடி முதல்ல இருந்தா?"

இங்கே 'ஆமாம்' என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் என் தொழிலை ஒருத்தி குறைத்து நினைப்பதா?

"சேச்சே. எங்க நிறுத்துறமோ அங்கிருந்துதான் ஓடும். முடிஞ்ச வேலையைத் திரும்பச் செய்யவே செய்யாது. அவ்வளவு கெட்டிக்காரத்தனமா எழுதிவச்சிருக்காங்க."

"பரவால்லையே," என்று எழுந்து போனாள். சமையலறையிலிருந்து போனோடு திரும்பி வந்தாள். "வினோத் லைன்ல இருக்கான். நீங்களே சொல்லிருங்க, வர முடியாதுன்னு."

இவ்வளவு சுலபத்தில் விட்டுவிடுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

"மச்சான், எத்தனை மணிக்கு வாரீக?" என்றான் சகாயவினோத்.

"வினோத்து, மனசு கெடந்து அடிச்சுக்குதுடா. ஆபீஸ் வேலை. ஒரு கம்பைலர். விட்டுட்டு நகர முடியல."

"முதல் ஓட்டம் மச்சான். நீங்க இல்லாம எப்பிடி?"

"அதத்தான் நானும் நெனச்சு வேதனைப்படுறேன். கடல்னா எனக்கு உசுருன்னு ஒனக்குத் தெரியாது. இந்த வேலை மட்டும் இல்லைன்னா, சும்மா ஒரு சுத்துச் சுத்தி எறக்கிவிட விடுவேனா? குருசடைத் தீவு கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் ஓட்டுடான்னு சொல்லிருப்பேன்."

அந்தப் பக்கம் அவன் குரல் இளகியிருந்தது.

"நெசமாவா மச்சான்? எங்க கடலைக் கண்டாலே நீங்க ஒதுங்குறீகன்னு அய்யாவுக்கு உள்ளுக்குள்ள ஒரு கொறை. இப்பவே போய் அவர்ட்டச் சொல்றேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தபோது எனக்கே கண் கலங்கியது. என் நடிப்பு அப்படி.

பிரெசில்லா போனை வைத்துவிட்டு, கட்டை விரலால் லேப்டாப்பைக் காட்டினாள்.

"இது வாங்குனப்ப என்னமோ பெருமையாச் சொன்னீங்களே. உள்ள எத்தனை பேரு இருக்காங்கன்னு?"

"எட்டுக் கோர். எட்டு ஆள் ஒரே நேரத்துல வேலை செய்ற மாதிரி. இந்தத் தெருவுலயே யார்ட்டயும் கிடையாது."

"எட்டுப் பேரும் இதக் கட்டுனா எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரத்துல பொடிப்பொடியா ஆக்கிருவானுக."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது.

"இப்ப எத்தனை பேரு கட்டுறாங்க?"

திரையைப் பார்த்தேன். விசிறியைப் பார்த்தேன். ஆய்ந்து முடித்த கீரையைப் பார்த்தேன்.

"ஒருத்தன்."

"மிச்சம் ஏழு பேரு?"

"சும்மா இருக்கானுக."

"நீங்கதான இருக்கச் சொன்னீங்க?"

கீரைக் காம்பு ஒன்றை எடுத்து ஒடித்தேன்.

"நிறுத்துங்க. எட்டுப் பேரையும் போட்டு ஓட விடுங்க. விட்ட இடத்துல இருந்து ஓடும்னு நீங்கதான சொன்னீங்க," என்றாள். கோபமே இல்லை. கணக்கு சரியாக வந்த நிம்மதிதான் இருந்தது.

எட்டுப் பேரும் வேலையில் இறங்கினார்கள். லேப்டாப் விசிறி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மெஹருன்னிசா அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்ன பிரெசி, இந்நேரத்துல மாவு அரைக்கிற?" என்றார்.

"எனக்கில்லக்கா. அவருக்கு," என்றாள் இவள்.

ஏதாவது பிழை வராதா என்று அந்தோணியாரை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் அவர். பிழையைக் கண்டுபிடித்துத் தரவில்லை. இத்தனை வருஷ வேலையில் ஒரு முறைகூடத் தடங்கல் இல்லாமல் நான் எதையும் கட்டி முடித்ததில்லை. அன்றைக்கு முடிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. புதுக் கம்பைலரை ஓட்டிப் பார்க்க ஒரு குட்டி நிரல் எழுதிக் கொடுத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் திரையில் 'வணக்கம்' என்று வந்தது.

"இதச் சொல்லத்தான் காலையில இருந்து கத்துச்சா?" என்றாள் பிரெசில்லா. "சட்டையை மாத்துங்க. பஸ் வந்துரும்."

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மண்டபம் தாண்டி, பாம்பன் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல் விரிந்தது. நான் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்டக்டரின் முதுகையே பார்த்தேன்.

"ஏங்க," என்றாள். கைப்பை மடியில் திறந்திருந்தது. "எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

"என்னத்தச் சொல்ல?"

"ஏதாச்சும். வள்ளத்துல ஏறப் போறீங்களே."

அந்தக் குரலில் கேலி இல்லை. இன்றைக்கும் அது என் காதில் இருக்கிறது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. பஸ் இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது. சிரித்திருக்க மாட்டாள். சொல்லாமல் விட்டேனே என்பதுதான் இப்போதும் என்னை வருத்துகிறது.

"எனக்கென்ன," என்றேன். "கடல்தானே."

"சரி," என்று கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பாலம் முடிகிற வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கரையில் பாதித் தங்கச்சிமடம் நின்றிருந்தது. சாமியார் வள்ளத்தைச் சுற்றிவந்து தீர்த்தம் தெளித்தார். மாமனார் ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மருமகனே, வினோத்து சொன்னான். வேலையைப் போட்டுட்டு வந்துட்டீகளே," என்றார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மாலை போட்டு என்னை அணியத்தில் ஏற்றினார்கள்.

வழக்கமாகக் கரைக்கு முன்னால் ஒரு சுற்று. அவ்வளவுதானாம். ஆனால் மச்சானுக்கு ஆசை என்று சகாயவினோத் வள்ளத்தைத் தெற்கே திருப்பினான்.

"பிடிச்சுக்கங்க மச்சான். தீவைக் காட்டுறேன்."

நடந்ததை விரிவாக எழுத விருப்பமில்லை. நான் தீவைப் பார்க்கவில்லை. தண்ணீரைத்தான் பார்த்தேன், மிகவும் பக்கத்தில். மதியக் கீரை, காலை இட்லி என்று போன வரிசைக்கு நேர்மாறாகத் திரும்ப வந்தன. கழுத்து மாலை எங்கே விழுந்தது என்று தெரியாது. திரும்பும்போது நான் நிற்கவில்லை. அணியத்தைக் கட்டிப்பிடித்துக் குப்புறக் கிடந்தேன். கரையில் மேளம் நின்றுவிட்டது.

நாலு பேர் தூக்கிவந்து வலைக் குவியலில் சாய்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம். மாமனார் குனிந்து என் நெஞ்சைத் தடவிவிட்டார்.

"எங்களுக்காக இதையும் தாங்கிக்கிட்டு ஏறிருக்காரு," என்றார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. நல்ல மனுஷன். அந்த மனுஷனிடம் போய்க் கம்பைலர் என்று பொய் சொல்லி அனுப்பினேனே.

அவர்கள் நகர்ந்த பிறகு பிரெசில்லா என் தலைமாட்டில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"கல்யாணத்தன்னைக்கே தெரியும். பாலத்துல கார் வாரப்ப கண்ணை மூடிக்கிட்டு, என் கையைப் பிடிக்காம சீட்டைப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்களே."

"தெரிஞ்சும் ஏத்திவிட்டியே."

அவள் கைப்பையைத் திறந்து, பிரிக்காத ஓர் அட்டை மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"வாந்தி மாத்திரை. ஏறுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடணும். பஸ்ஸுல கேப்பீங்கன்னு பாத்தேன்."