அட்மிஷன் சாமியும் ஒரு பை நட்டும்

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. காலை எட்டு மணிக்கே படிக்கட்டு முழுக்க வரிசை. நிற்பவர்கள் யார் யார் என்று விசாரித்தால் மயக்கம் வரும். இயற்பியலில் முதல் வகுப்பு, உயிரியலில் தங்கப் பதக்கம், கணிப்பொறியில் கரை கண்டவர். அத்தனை பேர் கையிலும் லேப்டாப். அத்தனை லேப்டாப்பிலும் ஒரு பச்சைக் கயிறு. வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் வேண்டுமாம். அறிவை வளர்க்கப் போகிறவர்கள், இருக்கிற அறிவைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார்கள்.

மேலே உட்கார்ந்திருந்தவர் அட்மிஷன் சாமி. அதே அறையில் முன்பு டிராவல்ஸ் நடத்தியவர். கண்ணைத் திறந்துகொண்டு டிக்கெட் விற்றபோது ஈ ஓட்டினார். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்ததும் கூட்டம் அள்ளியது. வாசலில் பலகை: 'கயிறு கட்டியவர்க்கு இடம் நிச்சயம். நூற்றுக்கு நூறு.' உள்ளே, காத்திருக்கும் அறைச் சுவரில் பத்தொன்பது புகைப்படங்கள். பத்தொன்பது பேரும் பனியில் நின்று சிரித்தார்கள்.

முதல் தடவை வருகிறவர்களிடம் ஒரு போட்டோ வாங்கிக்கொண்டு, வரிசை எண் போட்ட டோக்கன் ஒன்று கொடுப்பார்கள்; கடைசிவரை அதுதான் அவர் எண். அப்படி நானூற்றுப் பன்னிரண்டாம் எண் டோக்கனோடு நின்றவரைப் பற்றித்தான் இந்தக் கதை. கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவர். மாணவர்கள் வைத்த பெயர் சராசரி டீச்சர். 'ஜெயித்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பு. தோற்றவர்களையும் எண்ணு' என்று பதினோரு வருடமாகக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டு வந்தவர். அந்தச் சுவரைப் பார்த்ததும் அவர் மனதில் தோன்றியது ஒன்றுதான்: 'அடேங்கப்பா, பத்தொன்பது பேர்!'

டீச்சரைச் சொல்லியும் குற்றமில்லை. வயது முப்பத்து நான்கு. உதவித்தொகைக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. இந்த வருடம் இல்லையென்றால் இனி எந்த வருடமும் இல்லை. அவர் எழுதிய ஆய்வுத் தலைப்பையும் கேட்டுவிடுங்கள்: 'வெளியே சொல்லக் கூச்சப்படும் உண்மைகளை, யார் சொன்னார் என்று தெரியாமலே கணக்கெடுப்பது எப்படி?' இதை எழுதியவர், தனக்கு வந்த நிராகரிப்புகளைக் கட்டிய கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சாமியின் உத்தரவு அப்படி.

அன்று சாமி முன்னால் போய் உட்கார்ந்தார்.

"சாமி, மூணாவது தடவையும்... அது வந்துடுச்சு."

அந்த அறையில் நிராகரிப்பு என்ற சொல்லுக்குத் தடை. எல்லாரும் 'அது' என்றுதான் சொல்வார்கள்.

"படிச்சியா?"

"இல்ல சாமி. 'வருந்துகிறோம்'னு பார்த்ததும் மூடிட்டேன்."

"நல்லது. அதுக்கு மேல படிச்சா அந்த வாக்கு உன்மேல ஒட்டிக்கும். யார்கிட்டயாவது காட்டினியா? சொன்னியா?"

"சத்தியமா இல்ல."

சாமி கண்ணை மூடினார். "சொல்லியிருக்க. தெரியுது."

டீச்சர் யோசித்தார். ஆமாம்! குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து 'மறுபடியும் ஊத்திக்கிச்சு' என்று முணுமுணுத்திருக்கிறார். அது இவருக்கு எப்படித் தெரிந்தது! டீச்சர் மெய்சிலிர்த்துப்போய், லேப்டாப் மூடியோடு சேர்த்து இரண்டாவது கயிறும் கட்டிக்கொண்டு வந்தார்.

மாட்டிக்கொண்டது வீட்டில். நாத்தனார் ஒரு படிவம் நிரப்ப லேப்டாப்பை எடுத்தாள். மூடி திறக்கவில்லை.

"அண்ணி, இதென்ன, லேப்டாப் ஓடிப்போயிடும்னு கட்டிப் போட்டிருக்கீங்களா?"

டீச்சர் மழுப்பினார். நாத்தனாரிடம் மழுப்பி ஜெயித்தவர் உண்டா? அவளோ போல்ட் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவள். அரை மணி நேரத்தில் கயிறு, சாமி, கண்ணாடி எல்லாம் வெளியே வந்துவிட்டன.

"பெட்டியில இருக்கற நல்ல போல்ட்டை மட்டும் எண்ணிட்டு, மத்ததைப் பத்திப் பேசினா ஆகாதுன்னு நான் எழுதிக் குடுத்தா, அன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க அண்ணி. நாளைக்கு நானும் வர்றேன்."

மறுநாள் அவள் ஒரு கறுப்புத் துணிப்பையும், ஒரு டப்பா நிறையப் பழுதான போல்ட், நட்டுகளும் கொண்டுவந்தாள். காத்திருக்கும் அறையில் டீச்சரோடு சேர்த்து நாற்பத்து மூன்று பேர். சாமி உள்ளே ஒருவருக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் கவனிங்க. இதெல்லாம் எங்க கம்பெனியில ரிஜெக்ட் ஆனது."

அறையே காதைப் பொத்திக்கொண்டது.

"பயப்படாதீங்க. வாயால சொல்லக்கூடாதுன்னுதானே சாமி சொன்னார்? யாரும் சொல்ல வேண்டாம். ஆளுக்கு ஒரு போல்ட், ஒரு நட்டு எடுத்துக்குங்க. கயிறு கட்டின பிறகு ஒரு இடமாவது கிடைச்சிருந்தா பைக்குள்ள போல்ட்டைப் போடுங்க. எல்லாமே 'அது'ன்னா நட்டு. மத்ததை உங்க பாக்கெட்லயே வச்சுக்குங்க. யார் எதைப் போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. இன்னைக்குத்தான் முதல்ல வர்றவங்க சும்மா இருங்க."

டீச்சருக்கு வாய் பிளந்தது. நாற்பது பக்கத்தில் மேற்கோள்களோடு தான் எழுதிய ஆய்வுத் திட்டத்தை இவள் ஒரு துணிப்பையில் கொண்டுவந்துவிட்டாள்!

முதல் தடவை வந்தவர்கள் ஐந்து பேர். மற்ற முப்பத்தெட்டுக் கைகளும் பைக்குள் போய் வந்தன. ஒவ்வொருவர் முகத்திலும் ஒரே பயம்: நம்முடைய ஒற்றை நட்டு இத்தனை போல்ட்டுக்கு நடுவே காட்டிக் கொடுத்துவிடுமோ? டீச்சரும் கண்ணை மூடிக்கொண்டு தன்னுடையதைப் போட்டார்.

நாத்தனார் பையை மேசையில் கவிழ்த்தாள். முப்பத்தெட்டும் நட்டு.

உயிரியல் தங்கப் பதக்கம் மேசைமேல் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அப்போ... எனக்கு மட்டும் இல்லையா?"

சத்தம் கேட்டுச் சாமி வெளியே வந்தார். "வாயைத் திறந்திருப்பீங்க. அதான் பலிக்கல."

"முப்பத்தெட்டு பேருமா?" என்றாள் நாத்தனார்.

சாமி லேசுப்பட்டவரா? "பலிச்சவங்க எல்லாம் பறந்துட்டாங்கம்மா. இங்க இருக்கறது மிச்சம்தான்."

அந்த வார்த்தையில்தான் சராசரி டீச்சருக்குப் பதினோரு வருடத் தூக்கம் கலைந்தது.

"சாமி கேட்டது நியாயம்தான். அப்போ மொத்தத்தையும் எண்ணிடுவோம். இன்னைக்குப் புதுசா வந்தவங்கள்ல கடைசி டோக்கன் யாருது?"

"என்னோடது மேடம். அறுநூத்தி ஏழு."

"சுவத்துல பத்தொன்பது. அறுநூத்தி ஏழுக்குப் பத்தொன்பதுன்னா நூத்துக்கு மூணு! எங்க காலேஜ்ல கயிறு இல்லாம அப்ளை பண்ணின பத்துப் பேர்ல ரெண்டு பேர் போயிருக்காங்க. உங்க கயிறு எங்களை ஏத்திவிடல சாமி, பிடிச்சு இழுத்திருக்கு!"

கூச்சல் கேட்டு மேலே ஏறி வந்த ஜெராக்ஸ் கடைக்காரர் சுவரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "அந்தப் பத்தொன்பதுலயும் ஏழு பேரைக் கழிச்சுடுங்க. அவங்க குளிர்கோட்டு விளம்பரத்துல நின்னவங்க. பிரிண்ட் போட்டதே நான்தான்."

'தியான நேரம்' என்று சொல்லிச் சாமி உள்ளே போனார். பின்பக்கப் படிக்கட்டு எதற்கு இருக்கிறது என்று அன்றுதான் எல்லாருக்கும் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் கத்தரிக்கோலால் இரண்டு கயிற்றையும் நறுக்கினாள். "இப்போ அந்த லெட்டரை எல்லாம் முழுசாப் படிங்க."

டீச்சர் லேப்டாப்பில் முதல் கடிதத்தைத் திறந்தார். 'வருந்துகிறோம், உங்கள் சான்றிதழில் ஒரு பக்கம் விடுபட்டுள்ளது. முப்பது நாளுக்குள் அனுப்பினால் பரிசீலிப்போம்.' தேதி போய் எட்டு மாதம். இரண்டாவதிலும் ஏதோ ஒன்று கேட்டிருந்தார்கள்; அதற்கும் தேதி போய்விட்டது. டீச்சர் விம்மி அழுதார். கயிறு அவருடைய லேப்டாப்பை மட்டுமா கட்டியிருந்தது?

"மூணாவதைப் படிங்க அண்ணி."

'வருந்துகிறோம், இந்த நிலையில் ஏற்க இயலவில்லை. தலைப்பு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் எப்படிச் செய்வீர்கள் என்பது விளங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்புங்கள்.'

அன்று புதன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கறுப்புப் பையையும் முப்பத்தெட்டு நட்டையும் பற்றி நான்கு பக்கம் எழுதினார். முதல் முறையாகத் தன் விண்ணப்பத்தை இன்னொருவரிடம் படிக்கக் கொடுத்தார். நாத்தனார் ஆறு தப்புக் கண்டுபிடித்தாள். வழக்கமாக அவள் ஒரு தப்புச் சொன்னாலே மூன்று நாள் பேசாத டீச்சர், ஆறையும் திருத்தி அனுப்பினார்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. முதல் சொல் 'வருந்துகிறோம்.' பழைய பழக்கத்தில் டீச்சரின் கை லேப்டாப்பை மூடப் போய்விட்டது. பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு படித்தார்: 'வருந்துகிறோம், பதில் அனுப்பத் தாமதமாகிவிட்டது. உங்களுக்கு இடமும் உதவித்தொகையும் வழங்குகிறோம்.'

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் டீச்சர் விமானம் ஏறிய வாரமே, நான்கு தெரு தள்ளிப் புதிய பலகை மாட்டிவிட்டார் அட்மிஷன் சாமி. சுவரில் இப்போது இருபது படங்கள். இருபதாவது படத்தில், டோக்கனுக்காகக் கொடுத்த பழைய போட்டோவில், சராசரி டீச்சர் சிரித்துக்கொண்டிருக்கிறார். கீழே வரிசை தெருமுனை வரை நிற்கிறது.

சுவரில் இருக்கும் படங்களை எண்ணிப் பார்த்து வாயைப் பிளக்கத் தெரிந்த பட்டதாரிகளே, சுவரில் இல்லாத படங்களை எப்போது எண்ணப் போகிறீர்கள்?