பந்தக்காலில் கட்டிய ஏரியல்

அன்புள்ள லோகேஸ்வரன் மாமா அவர்களுக்கு,

மருமகன் முகுந்தன் வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவின் பிரஷரைத் தவிர இங்கே எல்லாரும் நலம். போனில் சொன்னால் முழுதாகச் சொல்ல விடமாட்டீர்கள், அதனால் வாட்ஸ்அப்பில் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி தனுஜாவின் கல்யாணத்துக்கு அசாம் ஜாவாவில் மண்டபம் எடுத்திருக்கிறோம் அல்லவா, பக்கத்துத் திடலில் புதன்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பந்தக்கால் நட்டோம். மறுநாள் போனால் திடல் முழுக்க ராணுவம். பயிற்சியாம். திடல் அரசாங்கத்துடையது, சனிக்கிழமை வரை எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். அதைக்கூட விடுங்கள், நம் பந்தக்காலில், மாவிலைக்கு மேலே, ரேடியோ ஏரியலைக் கட்டியிருந்தார்கள். அம்மா, "கால புடுங்குனா கல்யாணம் கெடையாது, சொல்லிட்டேன்" என்று புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ராணுவத்தில் கோகிலன் என்று நம் தமிழ் ஆள் ஒருவர், கோப்ரல். "இது பந்தக்கால்னு எனக்குத் தெரியும்ணே. மாவிலையப் பாத்துட்டு, முன்னால வந்த டீம் எலை கட்டி மறைச்சு வச்ச ரேடியோ கம்பம்னு கேப்டன் நெனச்சிட்டாரு. அவருகிட்ட யாரு சொல்றது லா" என்றார். நான் சொன்னேன். அனுமதிக் கடிதத்தை வாங்கி நாலாவது விதியைப் படித்துக் காட்டினேன்: திடலில் ஏற்கெனவே உள்ள எதையும் ராணுவம் அகற்றக் கூடாது, பயன்படுத்தவும் கூடாது. இந்த உயரத்தில் சிக்னலும் ஒழுங்காக வராது என்றேன். கேப்டன் உடனே ஏரியலைக் கழற்றி, காலைச் சுற்றி நாடா கட்டி, காவலுக்கு ஓர் ஆளையும் போட்டுவிட்டார். சட்டப்படி ஜெயித்துவிட்டோம் மாமா. உங்கள் புக்கிட் செந்தோசாவிலிருந்து ஆள் திரட்டி வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னீர்களாம், வேண்டாம்.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. சீரோடு வந்து தங்கச்சியை ஆசீர்வதியுங்கள்.

உங்கள் மருமகன்,
முகுந்தன்

பி.கு.: அனுப்பப் போகும் நேரத்தில் கேப்டன் நம் அனுமதியைக் கேட்டார். ரசீதில் மண்டபம் மட்டும்தான் இருக்கிறது, திடல் இல்லை. ஆக, அங்கே அனுமதியில்லாமல் நிற்பது நம் கால் ஒன்றுதான். சனிக்கிழமை ராணுவம் கிளம்பும்போது அனுமதியில்லாத எதையும் அகற்றித் திடலைக் காலியாக ஒப்படைக்க வேண்டும் என்பது ஐந்தாவது விதி, நான் அதுவரை படிக்கவில்லை. கோகிலன்தான் வழி சொன்னார். பந்தக்காலை ராணுவக் கம்பமாகப் பதிந்து, ஏரியலைத் திரும்பக் கட்டி, அனுமதியை ஞாயிறு மாலை வரை நீட்டி வாங்கிவிட்டார்கள். அம்மாவே ஏரியலுக்கும் குங்குமம் வைத்துவிட்டு, ராணுவத்தாருக்காக முப்பது சாப்பாடு கூடுதலாகச் சொல்லியிருக்கிறார். தாய்மாமனாக இருந்தாலும் காவலில் நிற்பவர் விசாரிப்பார். சீர்த்தட்டோடு ஐசி அடையாள அட்டையையும் எடுத்து வாருங்கள்.